ஒடிக்கே திருடிய ஆடு

எங்கள் வீட்டில் காலையில் முதல் வேலை, அப்பா பல்லை மாட்டுவது. இரண்டாவது வேலை, "நாங்க இக்போ இல்ல" என்று சொல்வது. யாரும் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வானொலியில் எவனாவது இக்போ மொழியில் சோப்பு விளம்பரம் செய்திருப்பான், தெருவில் ரொட்டிக்காரி இக்போவில் கூவியிருப்பாள், அதுவும் இல்லையென்றால் சும்மாவே. மற்றவர்கள் சாப்பிடுமுன் ஜெபம் செய்கிற மாதிரி அப்பாவுக்கு இது. "நாங்க இக்வெரே. தனி சனம். பெனின் ராஜ்ஜியத்துலேருந்து வந்தவங்க. நாங்க இக்போ இல்ல." அப்புறம்தான் சுட்ட வாழைக்காயைக் கடிப்பார்.

கடிப்பது அனாயோ செய்துகொடுத்த பல்லால். அனாயோ ஓவேரிப் பக்கத்து இக்போ. எங்கள் ஊர் போர்ட் ஹார்கோர்ட்டில் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவன். நான்தான் அப்பாவை அவனிடம் கூட்டிப் போனேன். வாய் நிறைய அச்சுமாவை வைத்துக்கொண்டு அப்பா அவனிடமும் அதையே சொல்லப் பார்த்தார். "ங்ஙாங்ங இங்ஙோ இங்ங." அனாயோ பணிவாக, "சரிங்கய்யா, கடைவாய அழுத்திக் கடிங்க" என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் விவகாரம்.

என் பெயர் நெண்டா. ஜெனரேட்டர் கடை வைத்திருக்கிறேன். தடித்தடியான மெக்கானிக்குகளை அதட்டி வேலை வாங்குகிறவள். கடன் சொல்லிவிட்டு ஓடப் பார்க்கிறவனைத் தெருமுனை வரைக்கும் துரத்தியிருக்கிறேன். முப்பத்து நான்கு வயதில் ஒரு ஆளைப் பிடித்துப்போய், இரண்டு கிழவர்களின் வாயை மூட முடியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் ஜெனரேட்டரே அழும்.

ஒரு கிழவர் என் அப்பா வோசு. அவருக்கு அனாயோவைப் பிடிக்கும். பையன் தங்கம் என்பார். அவருக்குப் பிடிக்காதது இன்னொரு கிழவரை. அது அனாயோவின் பெரியப்பா மடூகா. அனாயோவுக்கு அப்பா இல்லை. பெரியப்பா கள்ளுக்குடம் தூக்கி வந்து பெண் கேட்டால்தான் எங்கள் கல்யாணம். அவரோ ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். ஓவேரியிலிருந்து கடல் வரைக்கும் இருப்பவர்கள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது அவர் கட்சி. இக்போ இல்லை என்று எவனாவது சொன்னால், பெற்ற தாயை யாரென்று கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

இருவரையும் ஒருமுறை போனில் பேச வைத்தோம். வணக்கம் சொல்லி முடிக்குமுன் சண்டை.

"என் வீட்டு வாசல்ல வந்து 'நாமெல்லாம் அண்ணன் தம்பி'ன்னு ஒரு வார்த்த வந்துச்சோ, கள்ளுக்குடத்தோட வெளிய தள்ளிடுவேன்" என்றார் அப்பா.

"பொண்ணு கேக்கத்தான் வரேன், பொய் பேச வரல" என்றார் மடூகா.

அனாயோ பெரியப்பா காலைப் பிடித்தான். நான் போனில் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அதனால் அது பாதி மிரட்டல் போல இருந்திருக்கும். கடைசியில் கிழவர் இறங்கி வந்தார். "சரிம்மா. அன்னைக்கு முழுக்க சரித்திரம் பேச மாட்டேன். சாப்பிடறதுக்கு மட்டும்தான் வாயத் திறப்பேன்." பாவம், சாப்பிடும்போதே வினை வரும் என்று அவருக்கோ எனக்கோ தெரியாது.

அந்த நாளும் வந்தது. முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி. வேனில் வந்து இறங்கினார்கள். நான் வழக்கப்படி உள்ளறையில், பவளமாலை கழுத்தை இறுக்க, கூப்பிடும் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் ஒரு குவளைக் கள்ளை வாங்கிக்கொண்டு போய், கூட்டத்தில் எங்கோ ஒளிந்திருக்கும் மாப்பிள்ளையைத் தேடிக் கொடுக்க வேண்டும். அவன் குடித்தால் கல்யாணம். ஜன்னல் திரையில் ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தது.

அப்பா மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார். ஆமாம். எங்கள் சித்தப்பா மகன் சிண்டா, ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் அந்த வேலை பார்த்தவன், கோட்டு போட்டு நடுவில் நின்றான். "அவங்க பாஷை நமக்கு எங்க புரியுது?" என்று அப்பா ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். அந்த வீட்டில் உண்மையாகவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட ஒரே ஆள் என் அம்மா. அவள் ஒக்ரிகா தீவுக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஒரு சொல் புரியாது. அப்போது யாரும் ஒரு சிண்டாவை அமர்த்தவில்லை.

மடூகா எழுந்தார். நல்ல உயரம், சிவப்புத் தொப்பி. "உங்க வீட்டுல ஒரு பொண்ணு ஜெனரேட்டர் விக்கிறதா கேள்விப்பட்டோம். எங்க ஊர்ல கரண்ட் வந்து மாசக்கணக்காவுது. பொண்ணோட சேத்து ஒரு ஜெனரேட்டரும் வந்தா, பொண்ண உள்ள வச்சி மெஷின வாசல்ல வச்சி கும்பிடுவோம்."

சிண்டா வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அப்பா தொடையில் அடித்துச் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. இருமி, முகத்தை இறுக்கி, சிண்டா பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு?"

சிண்டா ஒரு வார்த்தை விடாமல் எங்கள் பேச்சில் சொன்னான். அப்பா மரியாதைக்கு இன்னொரு தடவை சிரித்தார்.

இப்படியே போனது. மடூகா என்னை "எங்க மருமக நென்னா" என்பார். அப்பா, "நெண்டா" என்று திருத்துவார். அப்பாவைப் பெற்றவள் என்றுதான் இரண்டுக்கும் அர்த்தம். ஒவ்வொரு முறையும் சிண்டா நடுவில் நின்று, "நெண்டா என்கிறார்" என்று மடூகாவுக்கு மொழிபெயர்த்தான். மடூகா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். நான் உள்ளே எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளிகளை வரவேற்கிற கோலாக்கொட்டையை உடைத்தாயிற்று. எங்கள் வம்சத்து மூத்தவர் நியேச்சே தாத்தா ஆசீர்வாதம் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மடூகா கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இன்னும் சாப்பாடு ஒன்றுதான் பாக்கி.

அப்போது அம்மா நத்தைக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் வம்சத்தில் நத்தை தொட மாட்டார்கள். அம்மாவுக்கோ நத்தை என்றால் உயிர். இத்தனை வருடமும் தனிச் சட்டியில் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டவள். "இந்த வீட்டு ஆம்பளைங்கதான் கொடுத்து வைக்கல. வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று சந்தைக்குப் போய் உள்ளங்கை அகல நத்தையாகப் பொறுக்கி வந்து, மிளகாய் அரைத்து ஊற்றி, பெரிய பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் மடூகா முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

மடூகா கையை நெருப்பிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தார். அவர் பக்கத்து ஆள் நாற்காலியோடு பின்னால் போனார். அந்த வரிசை முழுக்க, குடும்பத்து ஆம்பளைகள் எல்லாரும், வெடுக் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்கள்.

அம்மா முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. சிண்டாவையெல்லாம் மறந்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, என் பொண்டாட்டி கை அழுக்கா? விஷமா வச்சிட்டா?"

"ஐயோ, அப்படி இல்ல சம்பந்தி. அம்மா, கோச்சுக்காதீங்க. எங்க வம்சத்துல நத்த சாப்பிட மாட்டோம்."

"எங்க வம்சத்துலயுந்தான் சாப்பிட மாட்டோம். அதுக்காக இப்படியா..." என்று சொல்லிக்கொண்டே போன அப்பா சட்டென்று நின்றார். போச்சுடா என்று நினைத்தேன்.

மடூகா முகத்தில் கிறிஸ்துமஸ் விளக்கு எரிந்தது. அனாயோ மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தது எனக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாணவனைத் தட்டிக் கொடுத்துக் கேட்கிற குரலில், "நீங்க ஏன் சாப்பிட மாட்டீங்க?" என்று கேட்டார்.

"அது எங்க குடும்ப விஷயம்."

"நான் எங்க குடும்ப விஷயத்தச் சொல்றேன் கேளுங்க. எங்க முன்னோர் ஒடிக்கே. எதிரிங்க துரத்துறாங்க. ஒரு பாறைப் பொந்துல போய் ஒளிஞ்சிக்கிறாரு. நத்தைங்க பொந்து வாசல்ல ஊர்ந்து போவுது. துரத்தி வந்தவன் பாக்குறான். நத்தை போன பளபளப்பு கலையாம இருக்கு. உள்ள ஆள் இல்லன்னு போயிட்டான். அன்னைலேருந்து நாங்க நத்தையத் தொடறதில்ல."

எங்கள் முன்னோர் பெயரும் ஒடிக்கே. அதே பொந்து, அதே நத்தை. நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை.

அப்பா கையை வீசி மறுத்தார். "ஒடிக்கேங்கிற பேரு ஊருக்குப் பத்து பேருக்கு இருக்கும். நத்தையும் எல்லா ஊர்லயும் ஊரத்தான் செய்யும்."

அந்த நேரம் பார்த்து நியேச்சே தாத்தா விழித்துக்கொண்டார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எதிரியாவது மண்ணாவது" என்றார். "ஆட்டுக்காரன்."

மடூகா கையிலிருந்த குவளை கீழே விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

"ஒடிக்கேயத் தொரத்துனது எதிரி இல்லய்யா. ஆட்டுக்காரன். இவன் ஆட்டத் திருடிட்டு ஓடுனான். வெளியாளுங்க கிட்டதான் எதிரின்னு சொல்றது."

"அந்த ஆடு..." மடூகாவின் குரல் இறங்கிவிட்டது. "அத எங்க வம்சத்து ஆம்பளைங்களத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டோமே. கட்டிக்கிட்டு வர்ற பொண்டாட்டிக்குக்கூட சொல்ல மாட்டோமே. உங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்கப்பன் சொன்னான். மாமனார் வீட்டு ஆடு. செனை ஆடு."

"ஒரு காது அறுந்த ஆடு" என்றார் மடூகா, மெதுவாக.

"எடது காது" என்றார் தாத்தா.

இப்படியாக, முப்பத்து நான்கு வயதில், ஊரே கூடியிருக்கும்போது, என் முன்னோர் ஓர் ஆட்டுத் திருடர் என்று தெரிந்துகொண்டேன். அதுவும் மாமனார் வீட்டிலேயே. நல்ல குடும்பம்!

தாத்தா இப்போது முழுசாக விழித்துவிட்டார். "அப்புறம் அவன் பசங்க ரெண்டு பேரும் அந்த ஆட்டுத்தலைக்கு அடிச்சிக்கிட்டானுங்க. சின்னவன் கோவிச்சிக்கிட்டு தெக்க வந்துட்டான். நாங்க சின்னவன் மக்க."

"நாங்க பெரியவன் மக்க!" மடூகா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். கண்ணில் தண்ணீர். "சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? ஒரே வயிறு! ஒரே ரத்தம்! எத்தன வருஷமா தொண்ட கிழிய கத்துறேன்!" அவர் ஆட்கள் கை தட்டினார்கள், பெண்கள் குலவை இட்டார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சத்தம் அடங்கும் வரைக்கும் தாத்தா காத்திருந்தார். "ஆமா. ஒரே ரத்தம்" என்றார். "அப்ப கள்ள எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. அண்ணன் தங்கச்சியக் கட்டுறதா? த்தூ."

மடூகாவின் கைகள் மேலேயே நின்றுவிட்டன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு வம்சத்துக்குள் பெண் எடுப்பதில்லை, அது அங்கேயும் இங்கேயும் ஒரே சட்டம். தலைமுறை எத்தனை ஓடியிருந்தாலும் சரி. அந்த மகா பெரிய வாத்தியார் சரித்திரத்தை நிரூபித்து, தன் தம்பி மகனுக்குப் பேசிய பெண்ணை அவனுக்குத் தங்கையாக்கிவிட்டார்.

நான் உள்ளறையில் சும்மா இருப்பேனா? கூப்பிடாமலே வெளியே வந்தேன். அனாயோ பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றான். இந்த ஆள் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட வேண்டாம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

மடூகா அதற்குள் கட்சி மாறிவிட்டார். "தாத்தா, தாத்தா, அவசரப்படாதீங்க. ஒடிக்கேங்கிற பேரு ஊருக்குப் பத்து பேருக்கு இருக்கும்."

"நத்தை எல்லா ஊர்லயும் ஊரும்" என்றார் அப்பா, துள்ளி எழுந்து.

"ஆடு திருடாத ஊரு எது? சம்பந்தி, நீங்க சொல்லுங்க, நீங்க பெனின்காரங்கதானே?"

"அதத்தானே பொறந்ததுலேருந்து சொல்றேன்! பெனின்! சுத்த பெனின்!"

"மூஞ்சியப் பாருங்க தாத்தா, அப்படியே பெனின் மூஞ்சி!"

இருவரும் தோளோடு தோள் நின்று கத்தினார்கள். ஒருவர் மூச்சு வாங்கினால் இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். சிண்டா கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, ஓர் ஓரமாக ஆட்டுக்கறி சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

தாத்தா தோள்பையிலிருந்து குட்டையான ஒரு கோலை எடுத்துத் தரையில் வைத்தார். அது ஓவோ. வம்சத்து மூத்தவர் கையில் மட்டும் இருப்பது. அதைத் தொட்டுப் பொய் சொன்னவன் வீடு விளங்காது என்பார்கள். அதை வெளியே எடுத்தால் நாய்கூடக் குரைக்காது.

"வோசு, இங்க வா. இதத் தொட்டு, 'இவங்க எங்க ரத்தம் இல்ல'ன்னு ஒரு தடவ சொல்லு. நான் எந்திரிச்சிப் போயிடறேன். நீங்க கல்யாணத்த நடத்துங்க."

அப்பா மண்டியிட்டார். கை நீண்டது. கோலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. வாயைத் திறந்தார். அனாயோ செய்த பல் வரிசை முழுக்கத் தெரிந்தது. சொல் வரவில்லை.

"அப்பா! சொல்லுங்கப்பா!" நான் கத்தினேன். "தினம் காலைல சொல்றீங்களே. ரொட்டிக்காரிகிட்ட சொல்றீங்க, ரேடியோகிட்ட சொல்றீங்க, அனாயோகிட்ட வாய் நெறய மாவ வச்சிக்கிட்டு சொன்னீங்க. எனக்காக ஒரே ஒரு தடவ சொன்னா என்ன?"

"ரேடியோகிட்ட சொல்றது வேற, நெண்டா" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டார். "இக்போக்காரங்க தனி நாடு கேட்டு சண்ட நடந்தப்போ, அவங்க சிப்பாய் வந்து, 'நீ எங்க ஆள் இல்ல, காட்டிக் கொடுக்கிறவன்'னு எங்கப்பன அடிச்சான். அவன் போனதும் சர்க்கார் சிப்பாய் வந்தான். 'நீ அவங்க ஆள்தானே'ன்னு அடிச்சான். எங்கப்பன் ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னாரு. 'நாங்க இக்வெரே, எங்கள விடுங்க'ன்னாரு. அதான் நானும் சொல்றேன். அது பொய் இல்ல. ஆனா இது வேற கேள்விம்மா. அந்த ஆட்டுக் காத எனக்கும் எங்கப்பன் சொல்லியிருக்காரு."

"யாரு அத பொய்யின்னா?" தாத்தா எரிந்து விழுந்தார். "மேலத்தெருக்காரன் பெனின்லேருந்து வந்தவன். ஆத்தோரத்துக்காரன் உப்பு விக்க வந்து தங்கிட்டவன். நாம ஆட்டுத்தலைக்கு சண்ட போட்டு வந்தவங்க. எல்லாம் சேந்துதான் இக்வெரே. அது இருக்கட்டும். நான் கேக்கிறது பொண்ணு குடுக்கலாமா கூடாதாங்கிறது. கூடாது."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. பவளமாலையைக் கழற்றி எறியப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். திரும்ப எடுத்துவந்த நத்தைப் பாத்திரம் அவள் இடுப்பில் இருந்தது.

"கட்டு போட்டவன் அவுக்கிறதுக்கும் ஒரு வழி வச்சிருப்பான்" என்றாள். "ஏன் தாத்தா, உங்க ஊர்ல அது இல்லையா?"

"இருக்கு" என்றார் தாத்தா.

"இருக்கா? இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?" என்று பாய்ந்தேன்.

"யாரும் கேக்கலயே. ஆளாளுக்குக் கத்திக்கிட்டு இருந்தானுங்க."

வம்சத்தை வெட்டிக்கொள்ளலாமாம். ஒரே சுரைக்குடுவையில் இரண்டு பக்கத்து ஆட்களும் கள் குடித்துவிட்டு, குடுவையைப் பிளந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால், அன்றைக்கு முதல் பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். "ஆனா ஒட்டாதத வெட்ட முடியாது" என்று தாத்தா கறாராகச் சொன்னார். "மொதல்ல ஒண்ணா இருந்தோம்னு சொல்லிக் குடிக்கணும். அது இந்த வீட்டுக்காரன் சொல்லணும். அப்புறம் இனிமே ரெண்டுன்னு சொல்லி வெட்டணும். அது வந்தவன் சொல்லணும்."

அப்பா மடூகாவைப் பார்த்தார். மடூகா அப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் கடன்காரனைப் பார்க்கிற பார்வை பார்த்தேன்.

அம்மா குடுவையைக் கொண்டுவந்தாள். அப்பா ஒரு மடக்கு குடித்தார். "நாம ஒண்ணா இருந்தோம்" என்றார், தன் மார்புக்குள்ளேயே.

"காது கேக்கல" என்றார் தாத்தா.

"நாம ஒண்ணா இருந்தோம்."

"என்னது?"

"நாம ஒண்ணா இருந்தோம்!" அப்பா அடித்தொண்டையில் கத்தினார். ஒலிபெருக்கியை யாரும் அணைத்திருக்கவில்லை. தெருக்கோடி ரொட்டிக்காரிக்குக் கேட்டிருக்கும். தாத்தாவுக்கு முதல் தடவையே கேட்டது என்பது என் சந்தேகம்.

அடுத்து மடூகா. குடித்தார். வெட்டரிவாளை வாங்கிக் குடுவைமேல் வைத்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். மலை மாதிரி மனுஷன், எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

"என்னால முடியல" என்றார். "சண்ட முடிஞ்சி எங்கப்பா கையப் பிடிச்சிக்கிட்டு, சண்டைக்கு முன்ன நாங்க குடியிருந்த இந்த ஊருக்குத் திரும்பி வந்தேன். சின்னப் பையன். எங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் நின்னான். 'யாரு நீங்க, உங்களுக்கு இங்க என்ன வேல'ன்னான். எங்கப்பா செங்கல் செங்கலா அடுக்கிக் கட்டுன வீடு. உள்ள எங்கம்மா நட்ட மாமரம் தெரியுது. எங்கப்பா ஒண்ணுமே பேசாமத் திரும்பி நடந்தாரு. அன்னைலேருந்துதான் நாம ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப ரெண்டுன்னு சொன்னா, அந்த வாசல்ல நின்னவன் சொன்னது சரின்னு ஆயிடுமே."

சிண்டாகூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். எனக்கு அந்தக் கிழவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அரிவாள் பிடித்த கைமேல் தன் கையை வைத்தார்.

"நான் சொல்றேன், நீங்க பின்னாடியே சொல்லுங்க" என்றார். "எனக்கு இது மனப்பாடம்."

மடூகா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

"இன்னையிலேருந்து" என்றார் அப்பா.

"இன்னையிலேருந்து."

"நாம ரெண்டு."

"நாம..." நின்றது. அப்பா அவர் காதருகே குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. "இது எம்பொண்ணுக்காகச் சொல்றது, அண்ணே. வாசல்ல நின்னவனுக்காக இல்ல."

"நாம ரெண்டு" என்றார் மடூகா.

இரண்டு கையும் சேர்ந்து அழுத்தின. குடுவை பிளந்து ஆளுக்கொரு பாதி கையில் வந்தது.

"இப்ப கொண்டாங்க கள்ள" என்று தாத்தா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் குவளையோடு கிளம்பினேன். மாப்பிள்ளை ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது வழக்கம். அனாயோவுக்கு அதெல்லாம் எங்கே நினைவு? அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். அவன் ஒரே மடக்கில் குடித்ததில் பாதி சட்டையில் போனது. "நெண்டாவ நல்லா வச்சிக்கடா" என்றார் மடூகா. முதல் தடவையாகச் சரியாகச் சொன்னார், யாரும் திருத்தாமலே. நத்தைக் குழம்பை அம்மாவும் அவள் தீவிலிருந்து வந்திருந்த சொந்தக்காரிகளும் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் காலை, புருஷன் வீட்டுக்குக் கிளம்ப என் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மேஜைக்கு வந்தார். அவருடைய பாதிக் குடுவை மேஜைமேல் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிப் பல்லை ஊறப்போட்டிருந்தார். எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். வெளியே ரொட்டிக்காரி கூவினாள்.

"நாங்க இக்போ இல்ல" என்று ஆரம்பித்தார். குடுவையைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்பா வாழைக்காயை எடுத்து, கடிக்குமுன் சொல்லி முடித்தார்.

"நேத்துலேருந்து."